பட்டணத்துக் கழுத்து

ஒரு திங்கட்கிழமை காலை, மீஞ்சூர் ஸ்டேஷனில் வண்டி வருகிறதா என்று பார்க்க வலது பக்கம் திரும்பினேன். கழுத்து வரவில்லை. தோளும் இடுப்பும் பாதமும் சேர்ந்து திரும்பிய பிறகுதான் கும்மிடிப்பூண்டிப் பக்கமிருந்து வரும் பாசஞ்சரின் புகை கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்தில் நின்ற பெண், "இன்னா, படுக்கை சரியில்லையா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

எழுபதுகளின் தொடக்கம் அது. எனக்கு இருபத்திரண்டு வயது. பாரிமுனையில், துறைமுகத்துச் சரக்குகளுக்குக் காகித வேலை பார்த்துக்கொடுக்கும் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்டாக இருந்தேன். வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

எங்களுடையது பழவேற்காடு ஏரியில் மீன் பிடிக்கிற குடும்பம். நான் மூன்றாம் வகுப்பு படிக்கும்போது நைனா காய்ச்சலில் போய்விட்டார். அம்மா என்னைக் கூட்டிக்கொண்டு மீஞ்சூருக்கு வந்து, ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓர் அறையை வாடகைக்குப் பிடித்தாள். விடியற்காலை வண்டியில் பொன்னேரிக்குப் போவாள். ஏரியிலிருந்து அங்கே வந்து இறங்கும் மடவையும் இறாலும் நண்டும் பார்த்து எடுப்பாள். அடுத்த வண்டியில் மீஞ்சூருக்குத் திரும்பி, கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டு சுற்றுப்பட்டுக் கிராமங்களில் விற்றுவிட்டு, வெயில் நன்றாக ஏறிய பிறகு வீட்டுக்கு வருவாள். அந்தக் கூடைதான் என்னை எஸ்.எஸ்.எல்.சி. படிக்க வைத்தது. டைப்ரைட்டிங் ஹையர் பரீட்சைக்கும் அதுதான் ஃபீஸ் கட்டியது. மீன் கூடை தூக்காமல் என் மகள் நாற்காலியில் உட்கார்ந்து சம்பாதிக்கிறாள் என்பதில் அம்மாவுக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சமல்ல. முதல் நாள் நான் வேலைக்குக் கிளம்பியபோது, தெருவில் யாரும் கேட்காமலே, "எம்பொண்ணு ஆபீசு போவுது" என்று சொல்லிக்கொண்டே ஸ்டேஷன் வரைக்கும் வந்தாள்.

அந்த நாற்காலிதான் என் கழுத்தைப் பிடித்துக்கொண்டது.

ஆபீசில் நாங்கள் ஐந்து டைப்பிஸ்டுகள் வரிசையாக உட்கார்ந்திருப்போம். மேஜை உயரம், நாற்காலி தாழ்வு. அடிக்க வேண்டிய காகிதம் மெஷினுக்கு இடது பக்கம் மேஜையில் படுத்திருக்கும். கண் அதில் இருக்கும், கை மெஷினில் இருக்கும். ஒரே சமயத்தில் ஆறு காப்பி வேண்டும் என்பார்கள். நடுவே கார்பன் வைத்து ஓங்கி அடித்தால்தான் கடைசித் தாளில் எழுத்து விழும். காலையில் இடது பக்கம் சாய்ந்த தலை, மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் நேராகும்.

அன்று ஆபீசுக்குள் நுழைந்ததுமே எங்களில் மூத்தவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். அவரை நாங்கள் எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். புரசைவாக்கத்திலிருந்து வருகிறவர்.

"வந்துடுச்சா உனக்கும்?"

"என்னக்கா?"

"கழுத்து. சேர்ந்து ரெண்டு வருஷத்துல வந்துடும். எனக்கு ஒன்றரை வருஷத்துலயே வந்துடுச்சு" என்றபடி டிராயரைத் திறந்து தைல பாட்டிலை எடுத்து நீட்டினார்.

அந்த ஆபீசுக்கென்று ஒரு வாசனை உண்டு. கார்பன் பேப்பரும் பழைய ஃபைலும் சேர்ந்த வாசனை என்று அதுவரை எண்ணியிருந்தேன். தைல வாசனை அது. ஐந்து டிராயரிலும் பாட்டில் இருந்தது. ஹெட்கிளார்க் குனிந்து எழுதி எழுதி, ஒரு கையால் பிடரியைப் பிடித்துக்கொண்டுதான் யாரிடமும் பேசுவார். கேஷியர் துண்டைச் சுருட்டி முதுகுக்கும் நாற்காலிக்கும் நடுவே வைத்திருப்பார். இத்தனை நாளும் கண்ணில் பட்டுக்கொண்டிருந்ததுதான், எனக்கு வலித்த பிறகுதான் அவர்களுக்கும் வலிக்கிறது என்று தெரிந்தது.

அதற்குப் பிறகு ஊரில் பார்க்கும் இடமெல்லாம் கழுத்தாகவே தெரிந்தது. நகைப் பட்டறையில் தலை கவிழ்ந்திருக்கும் பத்தர், ஜன்னலோரம் கைக்கடிகாரத்தைக் கண்ணில் இடுக்கிய லென்ஸால் பார்த்துக்கொண்டிருப்பவர், தையல்காரர், அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். நிமிரும்போதெல்லாம் அத்தனை பேரும் பிடரியில் கை வைத்தார்கள். சாயங்கால வண்டியில் பெண்கள் பெட்டியில் ஏறினால், ஆஸ்பத்திரி நர்ஸும் ஸ்கூல் டீச்சரும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருத்திக்கொருத்தி பிடரியை அழுத்திவிட்டுக்கொண்டிருப்பார்கள். யாரும் இதை ஒரு நோயாகச் சொல்லவில்லை. உத்தியோகத்தோடு சேர்ந்து வருவது, பஸ் நெரிசல் மாதிரி, தண்ணீர் வராத குழாய் மாதிரி.

அம்மாவிடம் சொன்னேன். மீன் செதில் ஒட்டிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சிரித்தாள்.

"நா தலைல அம்மாம் பெரிய கூடைய தூக்கிக்கினு ஊரு ஊரா சுத்திக்கினு கீறேன். எனக்கு ஒண்ணியும் இல்ல. நீ ஃபேனுக்குக் கீய குந்திக்கினு வெரலால தட்டிட்டு வர்ற. உனுக்குக் கயுத்து வலியா? எல்லாம் பட்டணத்து நோவு. காத்து சேரல."

சிரித்தாளே தவிர சும்மா இருக்கவில்லை. தலையணையைப் பிடுங்கி எறிந்தாள். உப்பை வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம் கொடுத்தாள். எண்ணெய் காய்ச்சித் தேய்த்தாள். அதற்கும் அடங்காமல் போகவே, பொன்னேரியில் சுளுக்கு எடுக்கிற ஒருவரிடம் கூட்டிப்போனாள். அவர் என் தாடையைப் பிடித்தார், "எங்க, அந்தக் காக்காவைப் பாரு" என்றார். நான் காக்காவைத் தேடுவதற்குள் சொடுக்கென்று ஒரு திருப்பு. கண்ணில் மின்னல் அடித்தது. வீடு திரும்பும் வரை அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

அதற்கப்புறம் வலி கழுத்தை விட்டுக் கைக்கு இறங்கியது. வலது கட்டைவிரல் மரத்துப்போனது. டைப் அடிக்கிறவர்களின் வலது கட்டைவிரலுக்கு ஒரே வேலைதான், இரண்டு வார்த்தைக்கு நடுவே இடம் விடுவது. என் விரல் மெஷினின் அந்த நீளக் கட்டையில் பட்டதா இல்லையா என்று எனக்கே தெரியாது. வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு விழுந்தன. ஒரு நாள் மேனேஜர் கூப்பிட்டு, கப்பலுக்குப் போக வேண்டிய ஒரு தாளை என் முன்னால் போட்டார். அனுப்புகிறவர் பெயரும் பெறுகிறவர் பெயரும் ஒரே பெயராகச் சேர்ந்திருந்தன.

"இதை வச்சு அவன் யாருக்கு சரக்கைக் குடுப்பான், சொல்லு?"

அன்றைக்கு இரவே அம்மாவிடம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்றேன். "நானும் வர்றேன். அங்க இன்னா சொல்றாங்கன்னு என் காதால கேக்கணும்" என்றாள். அவள் பட்டணத்துக்கு வந்ததே அதுவரை இரண்டு மூன்று தடவைதான்.

எலும்பு டாக்டரின் அறைக்கு வெளியே நீளமான பெஞ்சுகள். எல்லாம் நிரம்பியிருந்தன. நர்ஸ் வாசலில் வந்து பெயர் கூப்பிட்டாள். அந்தப் பக்கம் பார்க்க யாருடைய தலையும் திரும்பவில்லை. பெஞ்சு மொத்தமும் உடம்போடு திரும்பியது. அம்மா அதைப் பார்த்துவிட்டு என் காதில் சொன்னாள், "ஏண்டி, பட்டணத்துல ஒருத்தருக்குக் கூடவா கயுத்து நேரா இல்ல?"

உள்ளே, டாக்டர் ஐம்பது வயதுக்காரர், களைத்த முகம், ஆனால் பேச்சில் எரிச்சல் இல்லை. என் தலையைப் பிடித்து மெல்ல இடமும் வலமும் திருப்பிப் பார்த்தார். விரல் நுனியில் ஊசியால் தொட்டுப் பார்த்தார்.

"என்ன வேலை பார்க்கிறே?"

"டைப்பிஸ்ட் சார்."

"அடிக்க வேண்டிய காகிதம் எந்தப் பக்கம் இருக்கும்?"

"இடது பக்கம்."

"நாள் பூரா இடது பக்கமே பார்த்துக்கிட்டிருந்தா, அப்புறம் அது வலது பக்கம் எப்படிம்மா திரும்பும்? கழுத்து எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி ஒண்ணு இருக்கு. அது பிதுங்கி நரம்பை அழுத்துது. யாராவது கழுத்தைச் சொடுக்கெடுத்தாங்களா?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா சுவரைப் பார்த்தாள்.

"இனிமே யாரையும் தொட விடாதே. இந்த ஊர்ல கழுத்து வலி இல்லாத ஆளைப் பார்க்கிறதே எனக்கு அதிசயமாயிடுச்சு" என்றார் டாக்டர்.

அம்மா உடனே பேச்சில் நுழைந்தாள். "அதாங்க டாக்டரே நானும் சொல்றேன். இது பட்டணத்து நோவு. நா பதினாலு வருசமா தலைல மீன் கூடை தூக்கறேன். எனக்கு ஒண்ணியும் இல்லியே."

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். "பதினாலு வருஷமாவா? இப்படி உட்காருங்கம்மா."

"எனுக்கா? எனுக்கு இன்னாத்துக்கு?"

"சும்மா பார்க்கலாம். தலையை மட்டும் வலது பக்கம் திருப்புங்க."

அம்மா திரும்பினாள். "இதோ திரும்பிட்டனே" என்றாள்.

டாக்டர் எழுந்து போய் அவள் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். "இப்போ திருப்புங்க."

அம்மாவின் தலை ஒரு துளி அசைந்தது. அவ்வளவுதான். இடது பக்கமும் அப்படியே. நிமிர்ந்து மேலே ஃபேனைப் பார்க்கச் சொன்னார். அவள் கண்ணை மட்டும்தான் உருட்டினாள். நெற்றியில் வேர்த்துவிட்டது.

"கை மரத்துப் போகுமா?"

"ராவுல போவும். ஒதறினா சரியாப் பூடும்."

"எத்தனை நாளா?"

"அது கீது, ரொம்ப வருசமா."

இரண்டு பேருக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். என் படத்தில் குறை இருக்கிற இடத்தை டாக்டர் பென்சிலால் சுட்டிக்காட்ட வேண்டியிருந்தது. அம்மாவின் படத்தில் யாரும் காட்ட வேண்டியிருக்கவில்லை. எலும்பெல்லாம் ஒன்றின் மேல் ஒன்று அமுங்கி, ஓரத்தில் முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருந்தன. "உன்னுதை விட அம்மாவுக்குத்தான் மோசம்" என்றார். "இனிமே இவங்க தலையில பாரம் ஏத்தக் கூடாது."

ஆஸ்பத்திரி வாசலில் இரண்டு பேரும் ஒரு மரத்தடியில் நின்றோம். எனக்கு முதலில் வந்தது கோபம்தான்.

"ஏம்மா, இத்தனை வருஷமா வலிக்குதுன்னு ஏன் சொல்லவே இல்ல?"

"யார்னா கேட்டாதானே சொல்றதுக்கு" என்றாள் அம்மா. பிறகு கொஞ்சம் யோசித்து, "வலின்னே நா நெனைக்கலடி. கூடை தூக்குனா கயுத்து இப்டித்தான் இருக்கும்னு நெனைச்சுக்கினேன். பொன்னேரில எல்லாப் பொம்பளைங்களுக்கும் இப்டித்தான் கீது" என்றாள்.

தைல பாட்டிலை நீட்டிய அக்கா சொன்னதும் இதுதானே என்று எனக்குத் தோன்றியது. பட்டணத்துக்காரர்கள் வலியைச் சொல்லிச் சிரித்தார்கள். எங்கள் பெண்கள் சொல்லவே இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

எனக்கு லீவுக்கு ஒரு சீட்டும் கழுத்துக்கு ஒரு பட்டையும் கொடுத்தார்கள். அம்மாவுக்கும் ஒரு பட்டை கொடுத்தார்கள். அவள் அதை ஒரு நாள் கட்டிப் பார்த்தாள், தெருக்காரர்கள் எட்டிப் பார்த்ததும் கழற்றிப் பானைக் கழுத்தில் மாட்டிவிட்டாள். நான் கழற்றவில்லை. மரத்துப்போன கட்டைவிரலோடு வேலையை இழப்பதைவிடப் பட்டையோடு ஆபீசுக்குப் போவது மேல் என்று தெளிவாகத் தெரிந்தது.

பட்டை கட்டினால் மட்டும் போதாது, காகிதம் கண்ணுக்கு நேரே வர வேண்டும். ஸ்டேஷன் பக்கத்திலிருந்த தச்சரிடம் போய் ஒரு மர ஸ்டாண்டு கேட்டேன். மெஷினுக்குப் பின்னால் நிற்க வேண்டும், காகிதம் சாய்வாக உட்கார வேண்டும், கீழே சறுக்காமல் இருக்க ஒரு விளிம்பு வேண்டும். இரண்டு தடவை திருத்திக்கொடுத்தார். அதை மடியில் வைத்துக்கொண்டு வண்டியில் போனேன். நாற்காலியில் இரண்டு பழைய டெலிபோன் டைரக்டரிகளைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தேன். அன்று மத்தியானம் வரை அடித்துவிட்டு எழுந்தபோது, காலையில் வந்த அதே வலிதான் இருந்தது. கூடவில்லை. இரண்டு வருஷத்தில் அப்படி ஒரு மத்தியானம் எனக்கு வந்ததே இல்லை.

மூன்றாம் நாள் மேனேஜர் வரிசையாகப் பார்த்துக்கொண்டே வந்து என் மேஜை முன்னால் நின்றார்.

"இது என்ன, கோயில் பஜனையா? பாட்டுப் புத்தகம் வைக்கிற பலகை, கழுத்துல பட்டை எல்லாம்! பார்ட்டிங்க வந்து போற இடம். எடுத்து உள்ளே வை" என்று பியூனைக் கூப்பிட்டார். பியூன் ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு போய் ஸ்டோர் ரூமில் வைத்துவிட்டான்.

அன்று சாயங்காலம் ஒரு கப்பல் புறப்பட வேண்டியிருந்தது. அதற்கான காகிதமெல்லாம் என் மேஜையில்தான் கிடந்தது. நான் மெஷினை மூடினேன். அவருடைய அறை வாசலில் போய் நின்றேன். பட்டை இருந்ததால் தலை குனிய வழியில்லை. அவரை நேராகத்தான் பார்க்க முடிந்தது.

"சார், அந்த ஸ்டாண்டு இருந்தா இன்னைக்கு எல்லாத்தையும் நானே அடிச்சு முடிச்சுடறேன். தப்பில்லாம அடிக்கிறேன். இல்லேன்னா டாக்டர் லீவு எழுதிக் குடுத்திருக்கார், நான் கிளம்பறேன்."

"மிரட்டறியா?"

"இல்ல சார். என்னால எது முடியும், எது முடியாதுன்னு சொல்றேன்."

பின்னால் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்க்க முடியாததால் யாரென்று தெரியவில்லை. குரல் வந்த பிறகுதான் தெரிந்தது, அக்கா.

"சார், அவ கேக்கிறது நியாயம். எனக்கும் ஒரு ஸ்டாண்டு வேணும். பதினஞ்சு வருஷமா தைலத்துக்கே பாதி சம்பளம் போகுது."

மேனேஜர் கடிகாரத்தைப் பார்த்தார், என் மேஜையில் கிடந்த காகிதத்தைப் பார்த்தார், கடைசியில் பியூனைப் பார்த்தார். ஸ்டாண்டு திரும்பி வந்தது. கப்பலுக்கான காகிதம் நேரத்துக்குப் போனது. அந்த மாதத்துக்குள் கம்பெனிச் செலவிலேயே ஐந்து மேஜைக்கும் ஸ்டாண்டு வந்துவிட்டது. ஆர்டர் கொடுத்தவர் மேனேஜர்தான். தன்னுடைய யோசனை என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டார். நாங்கள் யாரும் மறுக்கவில்லை.

வீட்டில் நிலைமை அத்தனை சுலபமாக இல்லை. அம்மா நான்கு நாள் கூடையைத் தொடாமல் இருந்தாள். ஐந்தாம் நாள் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். நான் வாசலை மறித்தேன்.

"என் சம்பளம் போதும்மா."

"உன் டப்பு உனுக்கு. நாளைக்கு உன்னை ஒருத்தன் கட்டிக்கினு பூட்டா நா இன்னா பண்றது? சும்மா குந்திக்கினு இருந்தா எனுக்குப் பேஜாரு புடிச்சுடும்."

அவள் சொன்னதில் உண்மை இருந்தது. இரண்டு பேரும் காபியை வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து யோசித்தோம். கிராமத்துக்கு நீ போகாதே, ஒரே இடத்தில் உட்கார்ந்து விற்றால் என்ன என்றேன். "குந்துனா யாரு வருவாங்க? ஊடு தேடிப் போனாத்தான் மீனு" என்றாள். அப்போது தெருக்கோடியில் ரயில்வே கேட் மணி அடித்தது. கேட் இறங்கியதும் பஸ், மாட்டு வண்டி, சைக்கிள், லாரி எல்லாம் நின்றன. மெயில் போய், கூட்ஸ் போய், திறக்க நேரமாயிற்று. நின்றவர்கள் வேடிக்கை பார்க்க ஒன்றும் இல்லாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு காபி டம்ளரைக் கீழே வைத்தாள். "நா எங்கியும் போவ வாணாம்டி. எல்லாரும் இங்கதான் வந்து நிக்கிறாங்க."

கேட் ஓரம் கடை போட்ட முதல் வாரம் பாதி மீன் மிஞ்சியது, அதை உப்புப் போட்டுக் கருவாடாக்கினோம். அதற்குப் பிறகு கேட்டில் நிற்கிற சைக்கிள்காரர்கள் பேரம் பேச ஆரம்பித்தார்கள். கிராமங்களில் வழக்கமாக வாங்கியவர்களுக்குச் செய்தி போயிற்று. சாயங்காலம் வேலை முடிந்து இறங்குகிறவர்களுக்காக அம்மா இரண்டாவது நடையும் மீன் எடுக்கத் தொடங்கினாள். ரயிலிலிருந்து கேட் வரைக்கும் கூடையை அவளும் இன்னொரு மீன்காரப் பெண்ணும் ஆளுக்கொரு காதைப் பிடித்துத் தூக்கி வருவார்கள். கொஞ்ச நாளில் அந்தப் பெண்ணும் கேட்டுக்கு அந்தப்புறம் கடை போட்டுவிட்டாள். ரயில் வரும்போதெல்லாம் இந்தப் பக்கம் அம்மா கூவுவாள், அந்தப் பக்கம் அவள் கூவுவாள்.

என் கட்டைவிரலுக்கு மெல்ல மெல்ல உணர்ச்சி திரும்பியது. டாக்டர் சொல்லிக்கொடுத்த பயிற்சியைக் காலையில் இரண்டு பேரும் சுவரில் சாய்ந்து நின்று செய்வோம். அம்மாவின் எலும்பு எலும்புதான், அது பழையபடி ஆகவில்லை. ஆனால் ராத்திரியில் அவள் கையை உதறும் சத்தம் நின்றுவிட்டது.

அடுத்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆஸ்பத்திரி இல்லாத பட்டணத்தைக் காட்டு என்றாள். மவுண்ட் ரோடுக்குக் கூட்டிப்போனேன். பதினாலு மாடிக் கட்டடத்துக்கு எதிரே வெளியூர்க்காரர்கள் கூட்டமாக நின்று, வாயைப் பிளந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அம்மா அவர்களைப் போல அண்ணாந்து பார்க்கவில்லை. எதிர்ப் பக்கம் நன்றாகத் தள்ளி, பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னால் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து கழுத்தை வளைக்காமலே மொத்தக் கட்டடமும் தெரிந்தது. அடியிலிருந்து உச்சி வரை நிதானமாகப் பார்த்தாள்.

"இம்மாம் ஒசரம் கட்டி வெச்சா அப்புறம் ஊருக்கே கயுத்து வலிக்காம இன்னா பண்ணும்?" என்றாள். "வா, பசிக்குது. எங்கனா நாஷ்டா துன்னலாம்."